சீராக வந்த உப்பு

திருமங்கலத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்குள் முதலில் போனது உப்புதான். புதுவீடு புகும்போது தாய்மாமன் உப்பும் மஞ்சளும் சீராகக் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் தம்பி அதைக் கடையில் வாங்கவில்லை. குஜராத்தில் வறண்டு கிடந்த ஓர் உப்பு ஏரியில் அவருக்கு மூட்டை தூக்கும் வேலை. தரைக்கடியிலிருந்து உப்புநீரை இறைத்துப் பாத்தி கட்டிக் காயவைப்பார்களாம். அங்கிருந்தே ஒரு பை அள்ளி வந்திருந்தார்.

அவரைச் சீண்டாவிட்டால் அப்பாவுக்குப் பொழுது போகாது. "ஏன் மாப்ள, உப்பு அள்ள அம்புட்டுத் தூரம் போகணுமா? தூத்துக்குடி பத்தலையா?"

"கையில எடுத்துப் பாருங்க மச்சான். இருந்ததுலயே வெள்ளையான குவியலாப் பாத்து அள்ளுனேன்."

சாமிக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக்கூடாது என்பதால் அம்மா அந்த உப்பையே கைக்கணக்கில் போட்டுச் சாம்பாரை இறக்கிவிட்டாள். பந்தியில் முதல் வாயே கசந்தது. சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாதியிலேயே இலையை மூடினார்கள். நானும் மூடினேன். வாளியோடு நின்ற மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. சிறுநீரகம் கெட்டு மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த அப்பா மட்டும், "மாப்ள, இங்கிட்டு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார். பிறகு மறுபடியும் கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழப்போனவர் அப்படியே சரிந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மாவை அதட்டினார். "பொட்டாசியம் இம்புட்டு ஏறிக் கெடக்கு. கெட்டுப்போன கிட்னி இதை வெளியேத்தாது, இருதயம் நின்னுரும். என்னம்மா குடுத்தீங்க?"

சுவரில் சாய்ந்திருந்த மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, பொட்டாசியம்... அது எங்க மூட்டையில போட்டிருக்க பேருக்கா."

சோற்று உப்பு முதலில் படிந்துவிடும், மிஞ்சிய கசப்பு நீரிலிருந்து உரத்துக்கான பொட்டாசிய உப்பு அதே வெள்ளையில் வரும் என்பதெல்லாம் கல்லூரியில்தான் நான் படித்தேன். மாமாவுக்கு அதை யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

பிழைத்துக் கண் திறந்த அப்பா முதலில் கேட்டது, "மாப்ள சாப்ட்டானா?"

நான் கட்டிலோரம் போய்க் கேட்டேன். "உங்களுக்குக் கசக்கலையாப்பா?"

"கசந்துச்சு."

கசந்ததை எதற்குக் கேட்டுக் கேட்டு வாங்கினார் என்று எனக்கு விளங்கவில்லை. எந்நேரமும் மாமாவைக் கேலி பேசுகிறவர், அந்தப் பந்தியில் மட்டும் ஒரு சொல்கூடக் கேலியாகப் பேசவில்லை என்பதையும் நான் அப்போது கவனித்திருக்கவில்லை.