இடக்கை வீங்கியது எந்த நாளில்? வெள்ளவத்தையில் ஒரு மாலை

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போனதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிப்பீர்கள். ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் மார்புப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்த பிறகு கை வீங்கிய யாருக்காவது இது உதவும். எனக்கு அறுவை நடந்து ஐந்து வருடம். வீக்கத்துக்குப் புதுச் சிகிச்சை வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன செவ்வாய்க்கிழமை கணவர் அன்ரனுடன் ஒரு டொக்டரை சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, பார்க்கப் போனேன்.

2.40க்குப் புறப்பட்டோம். மீற்றர் த்ரீவீலர், 1,080 ரூபா. "அண்ணே, கடற்கரைப் பக்கம் மரைன் டிரைவாலயே போங்க" என்றார் அன்ரன் சாரதியிடம். அவர் நன்றாகத் தலையாட்டிவிட்டுக் காலி வீதியிலேயே போய் நெரிசலில் மாட்டினார். 3.50க்கு இறங்கினோம்.

டொக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். குழம்பியது நான். ஓர் அறுவையில் மயிரளவு நிணநீர்க் குழாயைச் சிறிய இரத்த நாளத்தோடு பொருத்துவார்களாம். இன்னொன்றில் வேறு இடத்துக் கணுவை எடுத்து அக்குளில் வைப்பார்களாம். எல்லோருக்கும் சரிவராதாம்; செய்தாலும் கைக்கு இறுக்க உறை போட வேண்டி வரலாமாம். பிறகு எதற்கு அறுவை என்று எனக்குள் நினைத்தேன்.

"வீக்கம் எப்ப தொடங்கினது?" என்று கேட்டார். கனகாலம் என்றால் குழாய்கள் இறுகியிருக்கும், முதலில் சொன்ன அறுவை பலன் தருவது கஷ்டமாம்.

"போன நத்தார்ப் பண்டிகைக்கு" என்றேன்.

"இல்ல, பெரிய வெள்ளிக்கு" என்றார் அன்ரன்.

டொக்டர் முன்னாலேயே இருவரும் வாக்குவாதப்பட்டோம். யோசித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு ஒழுங்கை தள்ளி வசந்தியின் தையல் கடை. பத்து வருடமாக என் சட்டைகளைத் தைப்பவள். தைத்த சட்டையை எடுக்கப் போனபோது நடந்ததைச் சொன்னேன். அவள் அளவுக் கொப்பியைப் புரட்டினாள்.

"அக்கா, மூண்டு வருசத்துக்கு முந்தியே இடக்கை வலக்கையை விட அரை இஞ்சு கூட."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"ஏற்கனவே வருத்தக்காரி, மனம் நொந்திடுவியள் எண்டுதான். இறுக்கம் தெரியாம இடக்கையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா லூசாக்கினனான்."

சட்டை ஒருநாளும் இறுகவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூன்று வருடம்! அவளைத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் அழுதேன்.

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு டொக்டரிடம் திரும்ப ஓடினோம். கையில் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் எந்தக் குழாய் இன்னும் வேலை செய்கிறது என்று தெரியும் என்றார். அது அடுத்த மாதம். அதுவரை உறையும் பயிற்சியும். அறுவைக்கு நான் ஆளா இல்லையா என்பது இன்றும் தெரியாது.

போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள். பிரஷரை வீங்காத கையில் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு கைகளையும் ஒரே இடத்தில் அளந்து திகதியோடு எழுதிவையுங்கள். நான் எழுதவில்லை.

வீடு போகுமுன் மறுபடி வசந்தியிடம் போய் இன்னொரு சட்டைக்கு அளவு கொடுத்தேன். வலக்கைக்கு "பதினொண்டு" என்றாள். இடக்கையை அளந்ததும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்து எழுதப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லுங்க, வசந்தி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பன்னிரண்டரை, அக்கா."