துண்டுக்குள் இருந்த கைகள்

ராமையா காலமானதை டிரைவர் கருப்பையாதான் வந்து சொன்னார். திருவரங்குளம் வண்டியை நிறுத்திவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து என் மேஜைக்கு வந்தார். எப்படி என்று கேட்டேன்.

“தெரியலைங்க சார். விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்” என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எங்கள் கம்பெனியில் எல்லோரையும் பழக்கியவரே ராமையாதான்.

உங்களில் பலருக்கு அவரைத் திருச்சிப் பத்திரிகை ஒன்றின் புதுக்கோட்டை நிருபராகத் தெரிந்திருக்கும். சமஸ்தான ஆட்சி போன சில ஆண்டுகளில் அந்தப் பத்திரிகையும் போயிற்று. எங்கள் பஸ் முதலாளிக்கு நிருபர்கள் என்றால் வருமானவரி அதிகாரியைவிடப் பயம். ஆகவே வேலையிழந்த நிருபரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மற்ற நிருபர்களிடம் எப்படிப் பேசுவது என்று மேனேஜரான எனக்குப் பயிற்சி தரச் சொன்னார். ராமையா என்னைவிட இளையவர். ஒர்க் ஷாப்பில் பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்பார்.

“ஏண்ணே, ஒங்க பஸ்ல ஆடு ஏத்துறீங்களாமே?”

“எந்த ஆட்டைச் சொல்றீங்க?”

“அப்ப நெறைய ஆடு ஏறியிருக்கு.”

மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். எனக்குச் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

அவரிடம் இருந்த பாடம் ஒன்றுதான். “எழவு வீட்டுக்குப் போவீங்கள்ல? அதே மாதிரிதாண்ணே. உட்காருங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, சிரிக்காதீங்க. முடிஞ்சா எந்திரிச்சுருங்க. போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

ஓர் ஐப்பசி மழையில் குன்றாண்டார்கோவில் பாதையில் எங்கள் பஸ் கண்மாய்க்குள் கவிழ்ந்தது. இளைஞர் ஒருவர் இறந்தார். கருப்பையா கால் முறிந்து, போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அன்று காலையிலேயே அவர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் முதலாளியிடம் சொன்னேன். ஒரு நடை போய்வரட்டும் என்றார் அவர்.

இப்போது முதலாளி, “டிரைவர் தூங்கிட்டான்னு சொல்லிருங்க” என்றார். சொன்னால் கருப்பையா ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் நான் வீட்டுக்குப் போவேன். வாசலில் திருச்சி நிருபர்கள் காத்திருந்தார்கள். பின்னறையில் நான் எடுத்த காப்பி வாய்க்கு வரவில்லை, வேட்டிக்குத்தான் போயிற்று.

ராமையாவிடம் எதைச் சொல்வது என்று கேட்டேன். “மொதல்ல எழவு வீட்டுக்குப் போவோம், வாங்க” என்று பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்.

பந்தலில் இருந்த அத்தனை பேரும் எங்களைப் பார்த்தார்கள். அடி விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று கணக்குப் போட்டேன். எந்தப் பக்கமும் இல்லை. ராமையா கைகளைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றார். துக்கத்துக்கு மரியாதை என்று நினைத்தேன்.

இறந்தவரின் தாய் என்னிடம் வந்தார். “எம்புள்ள எப்படிய்யா செத்தான்?”

முதலாளி சொன்ன வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

“பிரேக் பிடிக்கலை ஆத்தா. டிரைவர் காலையிலயே சொன்னாரு. நாங்கதான் வண்டிய நிப்பாட்டலை.”

யாரும் என்னை அடிக்கவில்லை. அது அடியைவிடப் பயமாக இருந்தது.

திரும்பும் வழியில் ராமையா கேட்டார்: “இனிமே நிருபர்கிட்ட வேற மாதிரி சொல்ல வருமாண்ணே?”

வராது. வரவில்லை. நிருபர்களிடமும் அதையே சொன்னேன். கருப்பையாவைப் போலீஸ் விட்டுவிட்டது. வேறு மேனேஜர் கிடைக்காததால் முதலாளி என்னை வைத்துக்கொண்டு, பயிற்சி இவ்வளவு நன்றாகப் பலித்ததற்காக ராமையாவை நீக்கினார்.

நேற்று கருப்பையாவும் நானும் ராமையா வீட்டில் போய் உட்கார்ந்தோம். அவருக்குப் பயமே கிடையாதும்மா என்று அவர் மனைவியிடம் சொன்னேன்.

“அவருக்கா? அன்னைக்கு ஒங்களக் கூட்டிட்டுப் போனாரே, கை நடுங்குறது வெளிய தெரிஞ்சா நீங்க ஓடிருவீங்கன்னு துண்டுக்குள்ள வச்சிருந்தாராம்.”

அவரிடமிருந்து நான் பெற்றது தைரியம் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அவரிடமும் இருந்தது பயம்தான். பத்திரிகைக்கும் முதலாளிக்கும் பயப்படுவதற்கு முன்னால் அந்தத் தாய்க்குப் பயப்பட வேண்டும் என்ற வரிசை மட்டும் அவருடையது. அதை வைத்துக்கொள்கிறேன்.

கருப்பையா முதலில் எழுந்தார். நானும் எழுந்தேன். போயிட்டு வாரேன் என்று இருவருமே சொல்லவில்லை.