கதாநாயகி முங்கிய இடம்

எங்கள் சித்தப்பா ராயபுரத்தில் ஒரு டெண்டுக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். எந்தப் படம் வந்தாலும் அவருக்கு அது சொந்த வீட்டுக் கல்யாணம் மாதிரி. அப்படி வந்து, அம்மாவும் நானும் அவர் புண்ணியத்தில் பார்த்த ஒரு படத்தில் பாதிக்கதை எண்ணூர்க் கடற்கரையில் எடுத்தது என்று தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நைனாவுக்குத் துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை. காணும் பொங்கலுக்கு முதல் நாளே அம்மாவையும் என்னையும் ரயிலேற்றி, படம் பிடித்த இடங்களைக் காட்டுகிறேன் என்று சித்தப்பா கூட்டிக்கொண்டு போனார்.

காத்திவாக்கத்தில் எங்கள் அத்தை வாழ்க்கைப்பட்டிருந்தாள். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அவள் வீட்டில் தங்கலாம். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. படக்காரர்கள் கூடாரம் போட்டுத்தான் தங்கினார்களாம், நாமும் அப்படித்தான் தங்க வேண்டுமாம். மாமாவின் கட்டுமரத்துப் பாயை வாங்கி, நாலு கழி நட்டு, அத்தை வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு கூடாரம் போட்டார்.

"வூடு இங்க கீது, மணல்ல படுத்துக்கினு இன்னாடா சினிமா உனுக்கு?" என்றார் மாமா.

மாமா அந்தக் குப்பத்துப் பெரியவர்களில் ஒருவர். சிரிக்கவே மாட்டார். படக்காரர்கள் வந்திருந்தபோது, நம் பெண்பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது, மீறினால் அந்த வீட்டுக்கு நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்று ஊர்க்கட்டு வைத்தவரும் அவர்தான். இதை அவரே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அத்தை குனிந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

அன்று முழுவதும் சித்தப்பா எங்களை வெயிலில் நடத்தினார். ஒரு பனைமரத்தைக் காட்டி, இதில்தான் வில்லன் சாய்ந்துகொண்டு நின்றான் என்றார். திரும்பி வரும்போது வேறொரு பனைமரத்தைக் காட்டி அதையே சொன்னார். அம்மா கேட்டதற்கு, "ரெண்டுத்துலயும்தான் அண்ணி சாஞ்சான், அவ்ளோ நேரம் நின்னான் இல்ல?" என்றார். எனக்கு எல்லாமே அதிசயமாகத்தான் இருந்தது. அந்த மணலை ஒரு பிடி அள்ளிப் பாவாடையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அத்தை இறால் பிடிக்க முகத்துவாரத்துக்குப் போனாள். நானும் கூடப் போய்க் கரையில் உட்கார்ந்தேன். இடுப்பில் பனையோலைப் பறியைக் கட்டிக்கொண்டாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தாலிக்கயிற்றைச் சுண்டி இழுத்து, அதில் கட்டிய மஞ்சளோடு சேர்த்து வாயில் கவ்விக்கொண்டாள். பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தாள். அங்கே பெண்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள். குனிந்து சேற்றில் தடவும்போது கயிறு தொங்கி ஆளிச் சிப்பியில் மாட்டி அறுந்துவிடுமாம். புருஷன் கடலில் இருக்கும்போது அது அறுந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். பல்லில் கயிறு, கண் வானத்தில், இரண்டு கையும் தண்ணீருக்கடியில். பார்க்காமலேயே ஒவ்வொரு இறாலாக எடுத்துப் பறிக்குள் போட்டுக்கொண்டே போனாள். திடீரென்று தலை முங்கிவிடும். நான் பயந்து எழுந்து நிற்பேன். வெகுதூரம் தள்ளி எழுவாள். அவளைப்போல் மூச்சுப் பிடிக்கிற ஆளை நான் பிறகும் பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சித்தப்பா எல்லோரையும் அதே கரைக்குக் கூட்டி வந்தார். மாமாவும் வந்தார். குப்பத்துப் பெண்கள் சிலரும் வேடிக்கை பார்க்கச் சேர்ந்துகொண்டார்கள். படத்தில் கதாநாயகி உயிரை விடப் போகிற இடம் அதுதான்.

"தா, இங்கதான் நின்னா. நமக்கு முதுகு தெரியுது. கை மெதுவா கழுத்துக்குப் போவுது. அப்புறம் வாய்க்கு." சித்தப்பா அதேபோல் செய்து காட்டினார். "துக்கத்தைக் கடிச்சி முழுங்கறா! அந்த நடிப்பு யாருக்கு வரும்? அப்டியே எறங்கி முங்கிட்டா."

பெண்களின் சிரிப்பு நின்றுபோயிற்று. மாமா சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கல்யாணம் ஆனவளா?"

"இல்ல மாமா, கன்னிப்பொண்ணு. அதானே கதையே!"

"அப்ப கழுத்துலேந்து இன்னாத்த எடுத்து வாயில வெச்சா?"

சித்தப்பா மறுபடியும் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மாமா ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

அத்தைதான் சிரித்தாள். "சினிமாக்காரி எதைக் கவ்வுனா இன்னா? நகர்டா, நான் செஞ்சி காட்றேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். ஒரு கையை நெற்றியில் வைத்தாள். இன்னொரு கையைத் தெருக்கூத்துக்காரன் மாதிரி நீட்டினாள். "ஐயோ, நான் சாகப் போறேனே!" என்று கத்திக்கொண்டு, மரப்பாச்சிபோல விறைப்பாகத் தண்ணீரில் இறங்கி, வழுக்கித் தொப்பென்று விழுந்து, இருமிக்கொண்டே எழுந்தாள்.

கரையே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார்.

"அக்காவ், உனுக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது!" என்றார் சித்தப்பா.

"இவளாவது நடிக்கறதாவது" என்று மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

அத்தை தாலியைக் கவ்வாமல் இறங்கியதை நான் கவனித்தேன். மேலே வந்ததும் முதல் வேலையாகக் கயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. ஏன் மறந்தாள் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது.

பல வருஷம் கழித்து, அத்தை போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். படம் பிடித்த காலையில், ஆண்கள் எல்லாம் கடலில் இருந்த நேரம், அந்த நடிகைப் பெண் தண்ணீரின் இழுப்பைப் பார்த்து நடுங்கி அழுதுகொண்டிருந்தாளாம். சின்னப் பெண். நீச்சல் தெரியாது. இறங்கத்தான் வேண்டும் என்று படக்காரர்கள் அதட்டிக்கொண்டிருந்தார்களாம். இறால் தடவிக்கொண்டிருந்த அத்தை கரையேறி வந்து, "அவள வுடுங்க, நான் முங்கறேன்" என்றாளாம். நடிகையின் சேலையைக் கட்டிக்கொண்டு முங்கி எழுந்து, சேலையைப் பிழிந்து கொடுத்துவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். பழக்கத்தில் கை கழுத்துக்குப் போனது அவளுக்கே தெரியாது.

கரையில் நடித்துக் காட்டிய அன்று சாயங்காலம் கூடாரத்து வாசலில் அத்தை எனக்குத் தலை பின்னினாள். படம் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. மாமா விடமாட்டார். பின்னிக்கொண்டே மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏம்மே, அந்தப் பொண்ணு முங்கறப்போ ஜனம் இன்னா பண்ணுச்சி?"

"எல்லாரும் அழுதாங்க அத்தை. அம்மாகூட அழுதுச்சி. முறுக்கு விக்கறவரு கூடையக் கீழ வெச்சிட்டு நின்னாரு."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கண் கலங்கியிருந்தது. அந்தக் கதாநாயகிக்காகத்தான் இவளும் அழுகிறாள் என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

"அழாத அத்தை. அவ சாவல. கடைசில பொழச்சிக்கினா" என்றேன்.

அத்தை என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நல்ல வேளை, கதையைச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.