சைலன்சர் பெட்டியைக் கழற்றிய பிறகு

பாடாலூர்ப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு பட்டறையில் என் மகன் தன் டிப்பர் லாரியின் சைலன்சர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெறும் நேர்க்குழாயை மாட்டிக்கொண்டு வந்தான். பெட்டி புகையை அடைக்கிறதாம். அது போய்விட்டால் இன்ஜினுக்குச் சுமை குறைந்து டீசல் மிச்சமாகுமாம். குழாய் வண்டியின் பின்பக்கம் வரை போகவில்லை, கேபினுக்கு அடியிலேயே முடிந்தது.

"நீளம் கொறைஞ்சா பொகை சீக்கிரம் வெளிய போயிடும்மா" என்றான். பள்ளியில் அறிவியல் நடத்துகிற என்னிடம் சொல்கிறான்.

"இப்படிக் கருப்பா கக்குதேடா. எரியாத டீசல்தானே அது? எரியாம வெளிய போறது எப்படிடா மிச்சமாவும்?"

"டீச்சர் பாடம் ஆரம்பிச்சிட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். "சத்தத்தக் கேளு. இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு."

அந்த வாரம் மைலேஜ் உண்மையிலேயே கூடியது. கூடாமல் என்ன செய்யும்? அரியலூரில் அவன் சுண்ணாம்புக்கல் கொண்டுபோகிற சிமெண்ட் ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். அதனால் எம்-சாண்ட் மணல் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் திருச்சிக்குப் போய்வந்தான். குழி இல்லை, ஆலை வாசலில் காத்துக்கிடப்பது இல்லை. அந்தச் சாலையில் எந்த லாரியும் மைலேஜ் நன்றாகத்தான் கொடுக்கும். சொன்னேன். அப்பாவும் மகனும் காதில் வாங்கவில்லை. பெயரெல்லாம் குழாய்க்கே போனது.

ஆலை திறந்ததும் மைலேஜ் பழைய அளவுக்கும் கீழே போனது. "இன்னும் செட் ஆவலம்மா" என்றான்.

கல் இறக்க ஆலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். வெயிலுக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல் படுத்துவிடுவது இங்கே டிரைவர்களின் வழக்கம். வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்து எழுப்புவார். ஒருநாள் மதியம் அப்படி ஹாரன் அடித்தார்கள். என் மகன் எழவில்லை. கேபின் தரையில் கியர் கம்பி இறங்குகிற இடத்தில் ரப்பர் கிழிந்திருந்தது. குழாயின் புகை அந்த ஓட்டை வழியாக ஏறி கேபினை நிறைத்திருக்கிறது. பின்வண்டிக்காரர் கண்ணாடியை உடைத்து அவனை வெளியே இழுத்துப் போட்டார். கொஞ்சம் திட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஹாரனே அடித்துக்கொண்டிருப்போம் என்று அவர் நினைத்திருந்தால்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை, இன்றைக்கும்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க்கோடு கிடந்தான். பார்க்க வந்த இன்னொரு டிப்பர்காரர் என் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேட்டார்: "கொழா போட்டதுல மைலேஜ் எவ்வளவுங்க குடுக்குது?"

நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடிவந்தார். வெளியே அனுப்பியது அந்த டிப்பர்காரரை அல்ல, என்னை.

வீட்டுக்கு வந்ததும் மகன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்த ஓட்டைல துணிய அடைச்சிட்டாப் போதும்மா." என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நான் வண்டிச் சாவியை எடுத்து மகன் கையில் வைத்தேன்.

"அடை. அடைச்சிட்டு வண்டிய எடு. பட்டறைக்கு நானும் வரேன்."

பட்டறைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க டீச்சர். கேள்விப்பட்டேன். தம்பிக்கு நேரம் சரியில்ல."

"நேரத்த விடுங்க. துணி அடைச்சிருக்கோம். நீங்க ஏறி, கண்ணாடிய ஏத்திட்டு, ஏசியப் போட்டுப் படுங்க. இன்ஜின் ஓடட்டும். நான் இங்கயே நிக்கிறேன்."

"வேலை கெடக்குங்க டீச்சர்."

"நீங்க செஞ்ச வேலையத்தான் படுத்துப் பாக்கச் சொல்றேன்."

"வெளையாடாதீங்க, மனுசன் செத்துருவான்" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என் மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "எம் பெட்டிய எடுங்கண்ணே" என்றான்.

பட்டறைக்குப் பின்னால் கிடந்த பெட்டியை அன்றே மாட்டினார்கள். போல்ட்டை முறுக்கிக்கொண்டே பட்டறைக்காரர், "அப்புறம் மைலேஜ் கொறைஞ்சா என்னையக் கேக்கக் கூடாது" என்றார்.

இப்போதும் ஆலை வரிசையில் அவன் நிற்கிற நேரத்தில், ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் போன் போடுகிறேன். "தூங்கலம்மா, கண்ணாடி எறக்கித்தான் இருக்கு, வைம்மா" என்று எரிந்து விழுகிறான். விழட்டும்.