அம்புக்குறிக்கு இரண்டு வேகம்

எங்கள் ஸ்டூடியோவில் ஆல்பம் செய்கிறவருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர் வைத்தது என் அப்பா. அதுவே நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கூட்டத்தில் நிற்கிற ஒருவரைக் கம்ப்யூட்டரில் முடி பிசகாமல் வெட்டி எடுத்து, வேறொரு பின்னணியில் நிறுத்துவதுதான் அவர் வேலை. முடி பிசகாமல் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. காற்றில் பறக்கிற முடியைக்கூட இழை இழையாகச் சுற்றிவந்து பிரித்துவிடுவார். மௌஸ் கையில் இருக்கும்போது அவரிடம் என்ன சொன்னாலும் "ம்" என்றுதான் பதில் வரும். கடை தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் அதே "ம்"தான்.

அப்பா போன பிறகு கேமராவை நான் தூக்கினேன். தனியாக எடுத்த முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தலையிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்திருந்தது. ஒரு படத்தில் என்றால் பரவாயில்லை, ஏறக்குறைய எல்லாப் படத்திலும். கத்திரி அண்ணன் அத்தனை கம்பத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு, வந்தவர்களிடம் "பாப்பா அவங்கப்பாவ விட நல்லா எடுத்திருக்கு" என்று கூசாமல் சொன்னார். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பெரிய ஸ்டூடியோ அவரைக் கூப்பிட்டதும் அந்தச் சமயத்தில்தான். அவர் போகவில்லை. கூப்பிட்டார்கள் என்பதே அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்பதை எட்டப்போகிற முதலாளியை நாலு பேர் முன்னால் பாப்பா என்று கூப்பிடுகிற ஊழியர் அவர் ஒருவர்தான். கூப்பிடட்டும், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

உள்ளறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் போன வருஷம் மூச்சை விட்டது. அதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே லேப்டாப். காலையில் அது முன்மேஜையில் என்னிடம் இருக்கும். வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, டச்பேடில் விரலால் தேய்த்துப் படங்களைக் காட்டுவேன். அவர்கள் வேண்டியதைப் பொறுக்குவார்கள். மதியத்துக்கு மேல் அது உள்ளறைக்குப் போகும். அண்ணன் மௌஸைச் செருகிக்கொண்டு வெட்ட உட்காருவார்.

சில மாதங்களுக்கு முன்பு அந்த டச்பேடுக்கு என்னவோ வந்தது. காலையில் விரலை வைத்தால் அம்புக்குறி நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குக் கொண்டுபோவதற்குள் விரல் தேய்ந்துவிடும். வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். செட்டிங்ஸைத் திறந்து, அம்புக்குறியின் வேகத்துக்கு இருக்கிற பட்டையைக் கடைசி வரை தள்ளிவிடுவேன். அன்றைக்கு ஓடும். மறுநாள் பார்த்தால் பட்டை பழையபடி குறைந்த கோடியில் போய் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பைத் திட்டினேன். அதைச் செய்தவனைத் திட்டினேன். "அண்ணே, இந்தச் சனியன் தானா மாறுது!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்தினேன். "ம்" என்று சத்தம் வந்தது.

கடைசியில் ரிப்பேர்க்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் இல்லக்கா. தானால்லாம் மாறாது. உங்க கடையில யாரோ குறைக்கிறாங்க" என்றார்.

"கடையில எங்க ரெண்டு பேர விட்டா யாருங்க இருக்கா?" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். பதில் என் கேள்வியிலேயே இருந்தது. கோபக்காரிக்கு அது எங்கே காதில் விழப்போகிறது?

அந்த வாரத்திலேயே விஷயம் வெளியே வந்துவிட்டது. கல்யாணமான புதுப்பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்திருந்தாள். தலை நிறையச் சுருட்டை முடி. "இந்தப் படத்துக்குப் பின்னணிய மாத்தினா எப்படியிருக்கும்னு இப்பவே பாக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் பெருமையோடு அண்ணனை முன்மேஜைக்குக் கூப்பிட்டேன். அவர் தயங்கித்தான் வந்தார். மௌஸைச் செருகிவிட்டு முதலில் செட்டிங்ஸைத் திறக்கப் போனார்.

"அதெல்லாம் எதுக்குண்ணே? இன்னைக்கு நல்லாத்தான் ஓடுது" என்று தடுத்தேன். நான்தானே காலையில் பட்டையைக் கடைசி வரை தள்ளியிருந்தேன்.

அம்புக்குறி துள்ளியது. முடியைச் சுற்றி வர வேண்டியது கன்னத்துக்குள் பாய்ந்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். இந்த முறை காதைச் சேர்த்து வெட்டிவிட்டது. அப்போதுதான் நான் திரையை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். மௌஸ் மேஜையில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, இவருக்குக் கை ஏன் இப்படி ஆடுது?" என்றார் பெண்ணின் அம்மா. அந்த அம்மாள் பாவம், பதறிப்போய்த்தான் கேட்டார். அண்ணன் மௌஸை விட்டுவிட்டு எழுந்தார். "ரெண்டு நாள்ல பண்ணி வைக்கிறோம்மா" என்று அவர்களை அனுப்பிவிட்டுத் தன் பையை எடுத்தார்.

"பாப்பா, வேற ஆளு பாத்துக்க."

"கைக்கு என்னண்ணே?"

"நடுக்கம். முழுசாப் போகாதுன்னுட்டார் டாக்டர். வேகத்தக் குறைச்சு வச்சா, கை எவ்வளவு ஆடினாலும் அம்பு கொஞ்சமாத்தான் நகருது. அதான் தினம் குறைச்சேன். போறப்போ ஏத்தி வச்சுட்டுப் போகணும்னு நினைப்பேன், மறந்துரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"கத்திரிக்கே கை ஆடுதுன்னு எந்த வாயால சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது. அவர் இல்லாத கடையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுது முடித்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க்காரரிடம் ஓடினேன். ஒருத்தருக்கு வேகம் வேண்டும், ஒருத்தருக்கு வேகம் ஆகாது. ஒரே உறையில் இரண்டு கத்தியை எப்படி வைப்பது என்று கேட்டேன்.

"உங்க லேப்டாப்பு டச்பேடையும் ஒரு மௌஸ்னே நினைச்சுட்டிருக்குக்கா. அதான் ரெண்டுக்கும் ஒரே பட்டை. டச்பேடோட சொந்த சாஃப்ட்வேரப் போட்டா அதுக்குன்னு தனிப் பக்கம் வந்துரும். அப்புறம் இதுக்கு ஒரு வேகம், அதுக்கு ஒரு வேகம்."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கக்கா பேச விட்டீங்க?" என்றார். நியாயம்தான்.

அவர் அதைப் போட்டுக் கொடுத்ததும், அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார். "சட்டைப் பித்தான்கூட நான்தாம்மா போட்டுவிடுறேன். உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றார். அண்ணன் உள்ளே ஜன்னலோரம், வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தேன்.

"எதுக்கு பாப்பா இந்தச் சிரமம்? எனக்கு ஏத்த மாதிரி வச்சா உனக்கு ஆகாது. உன் பொழப்பக் கெடுத்துட்டு நான் அங்க உக்காரணுமா?"

டச்பேடில் விரலை ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். அம்புக்குறி ஒரே ஓட்டத்தில் அந்தக் கோடிக்குப் போனது. "இது என்னுது" என்றேன். மௌஸை அவர் பக்கம் தள்ளினேன். "இது உங்களுது."

வேண்டா வெறுப்பாகத்தான் பிடித்தார். கை ஆடியது. அம்பு லேசாக அசைந்ததோடு சரி. டச்பேடில் தானே விரலை வைத்துப் பார்த்தார், ஓடியது. திரும்ப மௌஸைப் பிடித்தார், ஊர்ந்தது.

"ரெண்டும் தனித்தனியா?"

"தனித்தனி. நான் எவ்வளவு தள்ளினாலும் உங்களுது அசையாது."

சுருட்டை முடிக்காரியின் படத்தைத் திறந்தார். காதுக்கு மேலே தொடங்கி, ஒவ்வொரு சுருளாக, மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றி வந்தார். அவர் மனைவி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். நடுவில் அண்ணன் நிறுத்தினார். முடியவில்லையோ என்று எனக்குத் திக்கென்றது. அவர் செட்டிங்ஸைத் திறந்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கட்டுமா?"

இத்தனை மாதம் மறைத்துச் செய்ததை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்க பட்டைண்ணே, உங்க இஷ்டம்" என்றேன்.

இப்போது அவருக்கு முன்னைவிட நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும். கம்பம் முளைத்த மாப்பிள்ளைகளை எனக்காகக் காப்பாற்றிய கை அது. விரலுக்கும் கைக்கும் ஒரே வேகம் ஒத்துவராது என்று யோசித்து இரண்டு பட்டை வைத்த அந்த முகம் தெரியாத புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நான் திட்டியது அவர் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

ஆல்பம் பார்க்க அந்தப் பெண்ணும் அம்மாவும் மறுபடி வந்தார்கள். ஒரு படத்தில் மட்டும் சின்ன மாற்றம் கேட்டார்கள். உள்ளறையில் செய்துகொள்ளலாம் என்று நான் லேப்டாப்பை எடுக்கப் போனேன். அண்ணன் அதை முன்மேஜையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"கை ஆடும்மா, பயப்படாதீங்க. படம் ஆடாது" என்று அவரே சொல்லிவிட்டு மௌஸைப் பிடித்தார்.