சவர்க்காரம் மணத்த பெரிய வியாழன்

போன வருடம், கற்பிட்டிப் பக்கம் எங்கள் கோவிலில், பெரிய வியாழன் பூசையின்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூர்ந்து, பாதர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். முன்வரிசை முழுக்கச் சவர்க்கார வாசம். எல்லோரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள்! அழுக்கைத் தேடி வந்த மெசியாவிடம் சுத்தமான காலை நீட்டினால் அவருக்கு என்ன வேலை?

பூசை முடிந்ததும் பாதரிடம் ஓடினேன். "கடற்கரைக்குப் போய் மீன்பிடிக்கிற ஆக்களின்ர காலைக் கழுவுவம், பாதர். போட்டோவும் போடலாம்."

சிரித்தார். "ஓம், போங்கோ. போட்டோ மட்டும் வேண்டாம்."

அடுத்த கிழமை, கால் கழுவ ஒரு பிளாஸ்டிக் பேசினும் துடைக்கத் துவாயும் வாளித் தண்ணீருமாகக் கரையிலுள்ள மீன்வாடிக்குப் போனேன். அரசனாக வந்து ரோமரை விரட்டுவார் என்று காத்திருந்த மக்களின் முன்னால் மெசியா ஏன் மண்டியிட்டார் என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் பாடமாக்கியிருந்தேன். வலை இழுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்கட காலை நாள் முழுக்கக் கடலே கழுவுது, தங்கச்சி! வேணுமெண்டா வலையைக் கழுவித் தாங்கோ."

முகம் எரிந்தது. திரும்பும்போது, கருவாடு காயவைக்கும் அக்கா ஒருவர் மறித்தார். யுத்தம் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவர். சுடுமணலிலும் இடது காலுறையைக் கழற்றமாட்டார். கோவிலில் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் நிற்பார்.

"அவையள் போகட்டும்" என்றார். கரை வெறிச்சோடியதும் காலுறையை மெல்ல உருட்டிக் கழற்றினார். ஷெல் விழுந்ததில் விரல்கள் போன கால்.

"அருவருப்பா இருக்கோ?"

"இல்லையக்கா."

பிரசங்கத்தில் ஒரு வரிகூட நினைவில் இல்லை. கழுவித் துடைத்தேன்.

"மருந்து கட்டின நேர்ஸுக்குப் பிறகு இதை ஒருத்தரும் தொடேல்லை" என்றவர், பேசினைத் தன் பக்கம் இழுத்தார். "இனி உங்கட காலைத் தாங்கோ."

"ஐயோ, எனக்கு வேண்டாமக்கா. ஊத்தையாக் கிடக்கு."

"ஊத்தையெண்டபடியாத்தானே கழுவுறது!"

வெட்கத்தோடு நீட்டினேன். அதுவரை மெசியாவின் வேலையை நான் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் யாருக்காக வந்தாரோ அந்த ஆட்களில் நானும் ஒருத்தி என்பது, உப்பில் சொரசொரத்த அந்தக் கை என் குதிக்காலைத் தேய்த்தபோதுதான் உறைத்தது.

இந்தப் பெரிய வியாழனுக்கு அக்காவைக் காலுறை இல்லாமல், பாதர் கால் கழுவும் முன்வரிசையில் உட்காரவைக்க ஆசை. "அது சரிவராது" என்கிறார். வரும் சனிக்கிழமை பேசின் இல்லாமல் போய், கருவாடு புரட்டிக்கொண்டே இன்னொருமுறை கேட்கப்போகிறேன். அப்போதும் மாட்டேன் என்றால், கடைசித் தூணுக்குப் பின்னால் அவர் பக்கத்திலேயே நிற்பேன். மெசியா வந்து நிற்கிற இடம் அதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.