நன்மைக்கு எழும்பாத அம்மா

கழுத்தைச் சுற்றிக் கஞ்சி விறைப்போடு அரிக்கிற வெள்ளைக் கவுனும், மெழுகுதிரியிலிருந்து விரலில் சொட்டிச் சுடுகிற மெழுகும்தான் என் ஒன்பது வயதைப் பற்றி உடம்பில் தங்கியிருக்கும் நினைவு.

நற்கருணையை எங்கள் பக்கத்தில் "நன்மை" என்பார்கள்; அதை முதன்முதலாக வாங்குவது "புதுநன்மை". அதற்காகத் தூத்துக்குடியில் எங்கள் தெருக் கோயிலில் ஞாயிறுதோறும் நடந்த மறைக்கல்வி வகுப்பில், ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறவள் நான்தான் என்பதால், விழாவன்று பீடத்தருகே நின்று செபம் சொல்ல என் பெயரைத்தான் குறித்திருந்தார்கள். முந்தின வாரம் டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "ஏளா, ஒங்கப்பா வருவாரா?" என்றார். இல்லையென்று தலையசைத்தேன்.

"அப்போ நீ கடைசில நில்லு. அப்பனும் ஆத்தாளும் சேந்து வாழுத வீட்டுப் பிள்ள சொன்னாத்தான் செபம் நல்லாருக்கும்."

யாரோ சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவள் தன் பாவாடையை என்மீது படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். குடித்துவிட்டு வந்து அம்மாவின் கையை ஒடித்த பிறகுதான் அவள் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினாள். திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்று என்னை வளர்த்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

விழாவன்று மற்ற பிள்ளைகள் தாய் தகப்பன் நடுவே நடந்துபோக, நான் அம்மாவோடு வரிசையின் கடைசியில் போனேன். பீடத்தை நெருங்கும்போது டீச்சர் வந்து அம்மாவை மறித்து, "நீ கோர்ட்டுல தீத்துட்டு வந்தவ. ஒனக்கு நன்மை கெடையாது. பிள்ளைக்கும் பாவத்தச் சேக்காத" என்றார். அம்மா என் கையை விட்டாள். நான் தனியாகப் போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்தாள்.

அதிலிருந்து ஒரு பூசை தவறாமல் போனாலும், நன்மை வாங்கும் நேரத்தில் கடைசி பெஞ்சைவிட்டு அம்மா எழும்பியதேயில்லை.

போன வருஷம் என் மகளின் புதுநன்மைக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில் இதைச் சொன்னேன். இளம் பாதிரியார் திகைத்துப்போனார். "யாரும்மா அப்பிடிச் சொன்னது? மறுகல்யாணம் செய்யலைல்லா? பெறவு நன்மை வாங்க என்ன தடை?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவ தெரியாமச் சொன்னாளா, தெரிஞ்சே சொன்னாளா?" என்று மட்டும் கேட்டாள். டீச்சர் இறந்து வருஷங்களாகின்றன. பழைய கோயிலையும் இடித்து, பளிங்குத் தரையோடு புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு நன்மை வேளையில் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். பாதி எழுந்தவள் முன்னால் போன வரிசையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போய்ட்டு வாளா. எனக்குப் பழகிட்டு."